ஜப்பானில் இன்டர்ன்ஷிப்: பெட்டி கட்டுவதிலிருந்து அறையைக் காலி செய்யும் நாள் வரை

மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜப்பானில் இன்டர்ன்ஷிப் செய்யப் போகும் கல்லூரி மாணவர்களுக்கான வழிகாட்டி இது. டோக்கியோவை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களில் சில விவரங்கள் மாறும்.

தலை குனிந்து வணங்கும் கோணம், குச்சியில் சாப்பிடும் முறை என்று போகுமுன் பலரும் பயப்படும் விஷயங்கள் அங்கே பெரிய பிரச்சினை இல்லை. வெளிநாட்டு மாணவர் அதில் தவறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில்: ஒன்று, காரியங்களை வரிசை மாற்றிச் செய்வது. இன்னொன்று, முன்கூட்டியே சொல்லாமல் கடைசி நேரத்தில் சொல்வது.

விசா: எது உங்களுடையது?

இதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். சம்பளம் உண்டா, 90 நாளைத் தாண்டுமா என்ற இரண்டு கேள்விகள் போதும். சம்பளம் இல்லை, 90 நாளுக்குள் என்றால் குறுகியகால விசா. சம்பளம் இல்லை, ஆனால் 90 நாளுக்கு மேல் என்றால் 'கலாசாரச் செயல்பாடுகள்' வகை. சம்பளம் உண்டு என்றால் 'குறிப்பிட்ட செயல்பாடுகள்' வகை. இதற்கு உங்கள் கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் வேண்டும், இன்டர்ன்ஷிப் படிப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரி கையெழுத்துப் போடத் தாமதிப்பதால்தான் பெரும்பாலும் பயணம் தள்ளிப்போகிறது. ஜப்பானில் தங்குவதற்கான தகுதிச் சான்றிதழுக்கு நிறுவனம் அங்கே விண்ணப்பித்து, அது வந்த பிறகே இங்கே விசா கேட்க முடியும். எனவே கல்லூரி அலுவலகத்தில் நான்கைந்து மாதம் முன்பே நடையைத் தொடங்கிவிடுங்கள்.

மாலையில் பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். தனி அனுமதி இல்லாமல் வேறு வேலை செய்வது குடியேற்றச் சட்ட மீறல்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

முதலில் மருந்து. மருத்துவர் சீட்டில் எழுதிய மாத்திரை ஒரு மாத அளவு, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து இரண்டு மாத அளவு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் புறப்படுமுன் இணையத்திலேயே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்குத் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கவனக்குறைவுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை மருத்துவர் கடிதம் இருந்தாலும் கொண்டுவர முடியாது. எல்லா மருந்தையும் அசல் அட்டையில், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு வையுங்கள்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம் போன்ற பச்சைப் பொருள்கள் விமான நிலையத்தைத் தாண்டாது. இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. கருவாட்டுக்கும் தொக்குக்கும் நடுவே மட்டன் ஊறுகாயை ஒளித்து வைக்காதீர்கள், மோப்ப நாய் நிற்கும். பொட்டலத்தில் அடைத்த சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி ஆகியவை போதும். அரிசி, பருப்பைச் சுமக்க வேண்டாம், அங்கேயே கிடைக்கும்.

மின்சாரம் 100 வோல்ட். செருகி இரண்டு தட்டைக் கால்கள் உள்ளது. செல்போன், மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் மாற்றுச் செருகி போதும். நம்மூர் மிக்ஸி, இன்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டுக்குச் செய்தவை. மிக்ஸி முனகும், அரைக்காது. குக்கர் எடுத்துப் போவதானால் இன்டக்ஷன் அடித்தளம் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குக்கராக இருக்கட்டும். வாடகை அறைகள் பலவற்றில் மின்காந்த அடுப்புதான். சாதாரண அலுமினியக் குக்கரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது.

காலணி விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். வீடு, சில உணவகங்கள், சில அலுவலகங்கள் என்று நாளைக்குப் பலமுறை கழற்றி மாட்டுவீர்கள். கயிறு கட்டாமல் மாட்டக்கூடிய கருப்பு ஷூ, ஓட்டையில்லாத காலுறை ஏழெட்டு ஜோடி. பெரிய பாதமாக இருந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்; 28 சென்டிமீட்டருக்கு மேல் அங்கே கடைகளில் அரிது. ஜப்பான் குளிர் நாடு என்று கம்பளியோடு ஆகஸ்டில் இறங்குபவர்கள் உண்டு. டோக்கியோ ஆகஸ்டில் 35 டிகிரியும் சென்னைப் புழுக்கமும்தான்.

முதல் 14 நாள்: வரிசை மாறக் கூடாது

90 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களிலேயே வசிப்பு அட்டை கையில் தருவார்கள். அதன் பின்பக்கத்தில் முகவரிக்கான இடம் காலியாக இருக்கும். அது காலியாக இருக்கும்வரை வங்கி, செல்போன் எதுவும் நகராது. ஆகவே இந்த வரிசையில் போங்கள்.

முதலாவது, வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். வசிப்பு அட்டை, பாஸ்போர்ட், முகவரி எழுதிய தாள் வேண்டும். கட்டடப் பெயர், அறை எண் வரை ஜப்பானிய எழுத்தில் வீட்டு ஒப்பந்தத்தில் இருப்பதுபோலவே எழுத வேண்டும். நிறுவனத்தில் ஒருவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். தேசியச் சுகாதாரக் காப்பீட்டுக்கும் அங்கேயே அதே நாளில் பதியலாம். வசிப்புச் சான்று நகல் ஒன்றோ இரண்டோ வாங்கிக்கொள்ளுங்கள். 'மை நம்பர்' என்ற 12 இலக்கத் தனிநபர் அடையாள எண் சில வாரத்தில் தபாலில் வரும். கதவில் உங்கள் பெயரை ஒட்டி வைக்காவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும்.

இரண்டாவது, பேசும் வசதியுள்ள செல்போன் எண். விமான நிலையத்தில் வாங்கும் இணைய சிம்மில் பெரும்பாலும் தொலைபேசி எண் இருக்காது. வங்கியோ எண் கேட்கும்.

மூன்றாவது, வங்கி. நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவரைப் பல வங்கிகள் வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதும். ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் பணிபுரிபவருக்கு விலக்கு உண்டு. அதனால் நிறுவனத்தின் கடிதத்தோடு, நிறுவனம் சொல்லும் வங்கிக்கே போங்கள். கணக்கு திறக்கும்வரை செவன் இலெவன் கடையிலும் அஞ்சலகத்திலும் உள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். சம்பளம் வரும்வரை சமாளிக்க ஒரு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும்.

20 வயது நிரம்பியவருக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் உறையும் வரும். 2025ஆம் நிதியாண்டில் மாதம் 17,510 யென். திறக்காமல் மூலையில் போடாதீர்கள். வருமானம் குறைவென்றால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனக் காப்பீட்டில் சேர்த்திருந்தால் இது பொருந்தாது. மனிதவளப் பிரிவிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

வசிப்பு அட்டையை எப்போதும் உடலோடு வைத்திருக்க வேண்டும். இல்லாமல் போலீஸ் கேட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குறுகியகால விசாக்காரர்கள் பாஸ்போர்ட்டை வைத்திருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல்

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. படிவம் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கோ இனிஷியல், அல்லது அப்பா பெயர், அல்லது ஒரே பெயர். வசிப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அச்சாகும். அதற்கு மேல், ஒலியை ஜப்பானிய கத்தகானா எழுத்தில் நீங்களே எழுதித் தர வேண்டும். ல, ள, ழ, ர எல்லாம் அங்கே ஒரே எழுத்துக்குள் போய்விடும். கார்த்திகேயனை 'காருதிகேயன்' என்றும் எழுதலாம், 'கருதிகேயன்' என்றும் எழுதலாம். வார்டு அலுவலகத்தில் ஒன்று, வங்கியில் இன்னொன்று என்று எழுதினால் சம்பளம் போட்ட பணம் பெயர் பொருந்தாமல் திரும்பும். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர்களின் வரிசையையும் இடைவெளியையும் சேர்த்துக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு எங்கும் அதையே எழுதுங்கள்.

அலுவலகத்தில் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பார்கள். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், ஆறு மாதமும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மின்னஞ்சல் முகவரி உருவாக்குமுன்பே எந்தப் பெயரில் அழைக்கலாம் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். தன் பெயரோடு தானே 'சான்' சேர்க்கக் கூடாது.

வீடு, குப்பை

நிறுவன விடுதியோ பகிர்வு வீடோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தனி வீட்டுக்கு உத்தரவாத நிறுவனக் கட்டணம், உரிமையாளருக்குத் திருப்பித் தராத அன்பளிப்புப் பணம், தரகு என்று முதல் மாதமே நான்கைந்து மாத வாடகை போய்விடும். தனி அறையானால் எரிவாயுவைத் திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தை வருமுன்பே பதிவு செய்யாவிட்டால் முதல் சில நாள் குளிர்ந்த தண்ணீர்தான்.

வாசலுக்குள் ஒரு படி தாழ்ந்த இடம் இருக்கும். ஷூவை அங்கேயே கழற்றி, முனை வாசலைப் பார்க்கும்படி வையுங்கள். கோரைப்பாய்த் தரையில் செருப்பே கூடாது. கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். தண்ணீர்க் கவலை வேண்டாம், புதுக் கழிவறைகளில் எல்லாம் பின்புறம் கழுவும் பொத்தான் உண்டு. முதலில் கற்க வேண்டியது நிறுத்தும் பொத்தான். சதுரக் குறி போட்டிருக்கும்.

இப்போது குப்பை. அக்கம்பக்கத்தோடு வரும் சண்டையில் பெரும்பாலானவை இதில்தான் தொடங்குகின்றன. டோக்கியோவின் 23 வார்டுகளில் எரியும் குப்பை வாரம் இருமுறை, எரியாத குப்பை மாதம் இருமுறை, மறுசுழற்சிப் பொருள்கள் வாரம் ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. எந்தக் கிழமை என்பது தெருவுக்குத் தெரு மாறும். வார்டு அலுவலகத்தில் ஆங்கில அட்டவணை கேட்டு வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கை கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கும், அதனால் பையைக் காக்கை வலைக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

சமையல் கழிவை நீர் வடித்துக் கட்டுங்கள். பெட் பாட்டிலுக்கு மூடியையும் லேபிளையும் கழற்றி, கழுவி, நசுக்குவது முறை. மூடியும் லேபிளும் பிளாஸ்டிக்கோடு போகும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். எண்ணெயை இறுக வைக்கும் பொடி நூறு யென் கடையில் கிடைக்கும், சூடாக இருக்கும்போதே கலந்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும், எரியும் குப்பையில் போடலாம். பவர் பேங்க், லித்தியம் பேட்டரிகளைச் சாதாரணக் குப்பையில் போடவே கூடாது, வண்டியில் தீப்பிடிக்கும். ஏதாவது ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்குப்பை: இணையத்தில் நாள் பதிவு செய்து, கொன்பினி எனப்படும் சிறு பலசரக்குக் கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிய பிறகே வெளியே வைக்கலாம். தவறாகக் கட்டிய பையை எடுக்காமல், காரணம் எழுதிய தாளை ஒட்டி விட்டுப் போவார்கள். பேசாமல் திரும்ப எடுத்து வந்து பிரித்துக் கட்டுங்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மாட்டிறைச்சியைவிடப் பெரிய கண்ணி 'தாஷி'. உலர்ந்த போனிட்டோ மீனைச் சீவி எடுக்கும் சாறு இது. மிசோ சூப், உதோன், சோபா நூடுல்ஸ், சாலட் சாறு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சமைப்பவர்களுக்கு அது மீனாகவே தோன்றாது. "சைவம்" என்று மட்டும் சொன்னால் மேலே பன்றி இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும்: நிக்கு (இறைச்சி), சகனா (மீன்), தாஷி, ஹாமு (ஹாம்), பேக்கன். ஐந்தும் வேண்டாம் என்று ஜப்பானியரிடம் எழுதி வாங்கிய சிறு அட்டையைப் பையில் வைத்திருங்கள். கூட்ட நேரத்தில் நீட்டாதீர்கள். ஒரு நாள் முன்பே தொலைபேசியில் சொன்னால் நிறைய உணவகங்கள் தனியாகச் செய்து தரும், அதே கடை அன்றைக்கு நேரில் கேட்டால் முடியாது என்று மன்னிப்புக் கேட்கும்.

பொட்டலத்தில் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டை, பால், கோதுமை போன்ற சிலவற்றைத்தான் கட்டாயம் குறிக்க வேண்டும். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் பரிந்துரைப் பட்டியலில் மட்டுமே. போனிட்டோ அதில்கூட இல்லை. பொருள் பட்டியலைக் கேமரா மொழிபெயர்ப்பில் முழுக்கப் படியுங்கள். ரொட்டியில் பன்றிக் கொழுப்பும், கடைக் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பும் சாதாரணம். அவசரத்துக்குக் கொன்பினியில் வாழைப்பழம், பால், எதமாமே என்ற பச்சைச் சோயா, சாறு சேர்க்காத தோஃபு நம்பகமானவை. கோகோ இச்சிபன்யா குழம்புக் கடையின் பல கிளைகளில் சைவக் குழம்பு தனியாக உண்டு. ஹலால் பார்ப்பவர்கள் சாறுகளில் சேரும் மிரின், சமையல் சாக்கே என்ற மது வகைகள் இரண்டையும் கவனிக்க வேண்டும். ஷின் ஓகுபோ பகுதியில் ஹலால் கடைகள் வரிசையாக உள்ளன.

எதற்கும் வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் சமைப்பதாகவே திட்டமிடுங்கள். தோசாய் வழித்தடத்தில் உள்ள நிஷி கசாய் இந்தியர்கள் அதிகம் வாழும் பகுதி. பருப்பு, பொன்னி, உளுந்து, சில நாள் கறிவேப்பிலையும் கிடைக்கும். க்யோமு சூப்பர் கடைகளில் மசாலாவும் பருப்பும் மலிவு. மூன்று 'கோ' அளவுள்ள சின்ன ரைஸ் குக்கர் ஒருவருக்குப் போதும். ஒரு கோ என்பது 180 மில்லி, சுமார் 150 கிராம் அரிசி. உள்ளே போட்டிருக்கும் தண்ணீர்க் கோடு அவர்களுடைய ஒட்டும் அரிசிக்கு. பொன்னிப் பச்சரிசிக்கு ஒரு அளவுக்கு இரண்டரை அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி ஊறவிடுங்கள். பகிர்வு வீட்டில் தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைக் கடுகு போடுமுன் போடுங்கள். இரவு ஏழரை, எட்டுக்கு மேல் பேரங்காடிகளில் சமைத்த உணவுக்குப் பாதி விலை ஸ்டிக்கர் விழும்.

அலுவலகம்

தொடக்க நேரம் 9 என்றால் 8:50க்கு இருக்கையில் கணினியைத் திறந்திருக்க வேண்டும். 8:30க்கே போய்க் கதவருகே நிற்பதும் சங்கடம்தான். ரயில் தாமதமானால் 9 மணிக்கு முன்பே செய்தி அனுப்புங்கள், சேரும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டியே சொல்லுங்கள். இரண்டாவது முறை மாற்றிச் சொல்வதுதான் எரிச்சலூட்டும். ரயில் நிறுவனத்தின் தாமதச் சான்று இணையத்திலோ நிலைய வாசலிலோ கிடைக்கும். அதைக் கொடுத்தால் பிரச்சினையில்லை.

வேலையில் அவர்கள் எதிர்பார்ப்பதை 'ஹோரென்சோ' என்பார்கள்: அறிக்கை, தகவல், ஆலோசனை. முடித்துக் காட்டி அசத்தலாம் என்று மூன்று நாள் மௌனமாக உட்கார்ந்திருப்பது நம்மூர் நல்ல மாணவரின் பழக்கம். அங்கே அது பயமுறுத்தும். அரை மணி நேரம் ஒரே இடத்தில் முட்டி நின்றால் பொறுப்பாளரிடம் போங்கள்: என்ன செய்ய முயன்றேன், எங்கே நின்றது, எனக்குத் தோன்றும் இரண்டு வழிகள் என்று சொல்லுங்கள். மாலையில் 'நிப்போ' என்ற தினசரி அறிக்கைக்கு மூன்று வரி போதும். இன்று செய்தது, சிக்கியது, நாளை செய்யப்போவது. கெட்ட செய்தி முதல் வரியில் இருக்கட்டும்.

பேசும்போது எதிரில் இருப்பவர் "ஹை, ஹை" என்றால் கேட்கிறார் என்று பொருள், சம்மதித்தார் என்று கொள்ளாதீர்கள். "ச்சோத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் முடியாது. நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டலை அவர்கள் மறுப்பாக எடுத்துக்கொள்வார்கள். மேலும் கீழும் ஆட்டுங்கள். முடிவான எதையும் பேச்சோடு விடாமல், நாள், பொறுப்பு இரண்டையும் எழுதி அன்றே அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும்போது "ஓசாகி நி ஷித்சுரேய் ஷிமாசு" சொல்லிவிட்டுப் போக வேண்டும், முன்னால் போவதற்கு மன்னியுங்கள் என்று பொருள். மற்றவர் கிளம்பினால் "ஓத்சுகாரேசாமா தேஷிதா". இந்த இரண்டும் உச்சரிப்புக் கோணலாக இருந்தாலும் நாள்தோறும் சொல்பவரை எல்லோருக்கும் பிடித்துப்போகும்.

நோமிகாய் என்ற மாலைக் குடி விருந்துக்கு அழைப்பார்கள். மது அருந்தச் சட்டப்படி 20 வயது. குடிக்காதவர் ஊலாங் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு 'கன்பாய்' சொல்லலாம். காரணம் யாரும் கேட்பதில்லை. உணவுக் கட்டுப்பாட்டை ஏற்பாட்டாளரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். தலைக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென் வரை பங்கு வரும். முதல் விருந்துக்காவது போங்கள். மற்றவற்றுக்குப் போகாவிட்டால் குற்றமில்லை.

ஊரிலிருந்து துறைக்கு இனிப்புக் கொண்டுபோவதானால் ஒவ்வொன்றும் தனி உறையில் சுற்றியதாக இருக்க வேண்டும். ஆளுக்கொன்று மேசையில் வைப்பார்கள். திறந்த பெட்டியில் நெய் ஒழுகும் மைசூர்பாகை யார் தொடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். தனித்தனியாகச் சுற்றிய கடலைமிட்டாய் அரை மணியில் தீரும்.

ரயில்

பணம் ஏற்றி ரயிலில் பயன்படுத்தும் சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை வாங்குங்கள். ஐபோனில் சுயிகாவை உள்ளேயே ஏற்றலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கான சில்லு பொதுவாக இயங்காது, எனவே பிளாஸ்டிக் அட்டை. நிறுவனம் பயணப்படி தந்தால், அவர்களிடம் தெரிவித்த வழித்தடத்திலேயே மாதச் சீட்டு எடுங்கள். வேறு மலிவு வழியில் போய் மிச்சம் பிடிப்பதை மோசடியாகவே பார்ப்பார்கள். வண்டிக்குள் போன் பேசக் கூடாது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். அதன் பிறகு டாக்சிக் கட்டணம் அன்றைய சம்பளத்தைத் தின்றுவிடும்.

உடம்பு, நிலநடுக்கம்

காப்பீட்டில் சேர்ந்திருந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம் உங்களுடையது. காய்ச்சலுக்கு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாவிட்டால் 7,000 யென் அல்லது அதற்கு மேல் தனியாக வாங்குவார்கள். தெருமுனைக் கிளினிக் போதும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110. நடுக்கம் வந்தால் மேசைக்கடியில் போங்கள், நின்றதும் கதவைத் திறந்து வையுங்கள், வெளியே ஓடாதீர்கள். பேரிடரில் போன் இணைப்புக் கிடைக்காது. 171 என்ற எண்ணில் குரல் செய்தியைப் பதிந்து வைக்கலாம், ஆனால் அந்த எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைக்க முடியாது; அதன் இணைய வடிவமான web171 தளத்தைப் பார்க்கும்படி வீட்டாருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

காலி செய்தல்

இதற்கும் ஒரு மாதம் வேண்டும். வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு மாத முன்னறிவிப்பு. தாமதித்தால் ஒரு மாத வாடகை சும்மா போகும். பெருங்குப்பைக்கு உடனே நாள் பதியுங்கள், ஆண்டிறுதியிலும் மார்ச் மாதத்திலும் வாரக்கணக்கில் இடமிருக்காது. கடைசி 14 நாளில் வார்டு அலுவலகத்தில் வெளியேறுவதைத் தெரிவித்து, சுகாதாரக் காப்பீட்டை முடியுங்கள். வங்கிக் கணக்கைக் கடைசிச் சம்பளமும் மின்கட்டணமும் தீர்ந்த பிறகே மூட வேண்டும். அதற்குமுன் மூடினால் பணத்தை இந்தியாவுக்கு வரவழைக்க மாதங்கள் ஆகும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓய்வூதியத் தொகை கட்டியிருந்தால், நாடு திரும்பி இரண்டு வருடத்துக்குள் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். படிவத்தையும் ஓய்வூதிய எண்ணையும் கிளம்புமுன் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் வசிப்பு அட்டையை அதிகாரியிடம் திருப்பித் தர வேண்டும்.

சுயிகா அட்டையில் 500 யென் முன்பணம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது மீதித் தொகையிலிருந்து 220 யென் கட்டணம் கழிப்பார்கள், முன்பணத்தில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே மீதி முழுவதையும் கொன்பினியில் செலவழித்துச் சுழியமாக்கிவிட்டு நரிதாவில் உள்ள ஜேஆர் ஈஸ்ட் ரயில் நிறுவனக் கவுண்டரில் நீட்டினால் 500 யென்னும் முழுதாகக் கைக்கு வரும்.